கோட்டாற்று மச்சு வீடும் ஜெபகனி டீச்சரும்

ஜெபகனி பிறந்த வீட்டுக்கு ஒரே ஒரு கதவுதான் இருந்தது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே, ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், ஓலையை மாற்றி ஓடு போட்ட சின்ன வீடு. அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். ஐந்தும் பெண் பிள்ளைகள். அந்தக் கதவைப் பகலில் யாரும் சாத்துவதில்லை. ராத்திரி சாத்தினால் உள்ளே ஏழு பேர் இருப்பார்கள். நடுப் பிள்ளையான ஜெபகனிக்கு அழ வேண்டும்போல் இருந்தால் மாட்டுத் தொழுவத்துக்குப் போக வேண்டும். அங்கே பெரிய அக்கா முன்கூட்டியே போய் அழுதுகொண்டிருப்பாள்.

பள்ளிப் படிப்புக்கு நாகர்கோவிலில் மிஷன் போர்டிங்கில் சேர்த்தார்கள். ஒரு நீளக் கூடம், இரண்டு வரிசைக் கட்டில்கள், நடுவில் வார்டன் நடந்து போக வழி. ஒருமுறை வாலிபப் பெண்கள் கூட்டத்தில், ஆண்டவரிடம் எதைக் கேட்டு ஜெபிக்கிறீர்கள் என்று ஆளாளுக்குச் சொல்லச் சொன்னார்கள். ஒருத்தி அரசாங்க வேலை என்றாள். இன்னொருத்தி நல்ல குணமுள்ள கணவன் என்றாள். ஜெபகனி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு அறை என்றாள். வார்டன் அதை அகம்பாவம் என்று எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் முழுக்க ஜெபகனியின் கட்டில் வார்டன் அறை வாசலுக்கு நேர் எதிரே கிடந்தது.

பிறகு சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பயிற்சி முடித்து ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சரானாள். பகல் முழுக்கப் பிள்ளைகளின் கூப்பாடு, மாலையில் விடுதி. கல்யாணம் செய்தாலாவது ஒரு வீடு கிடைக்கும் என்று அவள் நினைத்திருந்த சமயத்தில்தான் தரகர் ரசலையனைப் பற்றிச் சொன்னார். அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். குடியில்லை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவான். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், பெரிய விஷயமில்லை என்பது போல, கோட்டாற்றில் மச்சு வீடு என்றார். மச்சு வீடு என்றால் மரப்பலகை அடித்த மாடி வைத்த வீடு. கோட்டாற்றில் அந்த மாதிரி வீடுகளைக் கட்டியவர்கள் பழைய பெரிய வியாபாரிகள். ஜெபகனி மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சம்மதம் சொல்லிவிட்டாள்.

தரகர் பொய் சொல்லவில்லை. கோட்டாறு உண்மை, மச்சு உண்மை, வீடும் உண்மை. அதில் ஆறில் ஒரு பங்கில் மாப்பிள்ளை வாடகைக்கு இருக்கிறார் என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கம்போளம் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால், பள்ளிவாசல் பாங்கும் சவேரியார் கோயில் மணியும் ஒரே அளவில் கேட்கிற தெருவில் இருந்தது வீடு. கயிறு வியாபாரம் செய்த ஒருவர் தன் குடும்பத்துக்கென்று கட்டியது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், வாசலில் இரண்டு ஆள் சேர்ந்து தள்ள வேண்டிய தேக்குக் கதவு. அவருடைய மகன் யேசுரத்தினம் காலத்தில் வியாபாரம் நொடித்தது. அவர் வீட்டை ஆறாகப் பிரித்து வாடகைக்கு விட்டார். பிரித்தார் என்றால் சுவர் எழுப்பி அல்ல. இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் உனக்கு என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு குளிப்பறை, ஒரு கக்கூஸ். மச்சில் இருந்தவர்கள் தரையைக் கழுவினால் கீழே கஞ்சி குடித்துக்கொண்டிருப்பவர்கள் தட்டைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும்.

முன்கூடம் இரண்டு குடும்பத்துக்கு. ஒரு பாதி ரசலையனுக்கு, மறு பாதி கம்போளத்தில் வாழைக்குலை வியாபாரம் செய்த பகவதியப்பனுக்கு. நடுவில் ஒரு பழைய சீலையைக் கயிற்றில் போட்டிருந்தார்கள். பகவதியப்பன் சாது. அவருடைய மனைவி ஓமனா அப்படியில்லை. கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண். ஜெபகனியைவிட இரண்டு மூன்று வயது இளையவள். ஜெபகனி கணவனிடம் இன்றைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று மெல்லக் கேட்டால், சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓமனா, இன்றைக்குச் சாளை மீன் நன்றாக வந்திருக்கிறது, அதை வாங்குங்கள் என்று பதில் சொல்வாள். ரசலையனும் சரி என்று சாளை வாங்கப் போய்விடுவார். கணவனும் மனைவியும் சண்டை போட்டால் நடுவில் ஒரு நியாயம் சொல்வாள். அந்த நியாயம் பெரும்பாலும் ரசலையன் பக்கம் இருக்கும்.

சீலை ஒருநாள் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கும், ஒருநாள் அந்தப் பக்கம். யார் நகர்த்தினார்கள் என்று கேட்டால் இரண்டு பேருமே காற்று என்பார்கள். ஜெபகனி பொறுத்துப் பார்த்தாள். மகன் எபிசன் பிறந்து, பால் கொடுக்கும்போதுகூட ஓமனா சீலையை விலக்கி யோசனை சொல்ல ஆரம்பித்ததும், கணவனிடம் ஒன்று சுவர் வேண்டும், இல்லாவிட்டால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஓமனா குடும்பத்தோடு போயிருந்த நாளில் ரசலையன் சுவரைக் கட்டினார். தெரிந்த ஒருவர் வீடு கட்டி மிச்சம் வைத்திருந்த செங்கல். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற கைதான், கொத்தனார் கரணை பிடித்துப் பழக்கமில்லை. அதனால் சுவர் நடுவில் லேசாகத் தொந்தி வைத்திருந்தது. ஆனால் கனமாகக் கட்டினார், மேலே உத்திரம் முட்டும் வரைக்கும் கட்டினார். மாலையில் கையில் பொரி கடலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்த ஓமனா அந்தச் சுவரின் முன்னால் வந்து நின்றாள். பிறகு சுவரைப் பார்த்து, என் பக்கத்தில் முக்கால் அடி போய்விட்டது என்று சொன்னாள். அன்றைக்கு ஜெபகனியோடு பேச்சை நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை. கிணற்றடியில் ஓமனா கப்பியோடு பேசினாள், வாளியோடு பேசினாள், அடுத்தவர் நிலத்தில் கல் வைக்கிறவர்கள் கதி என்னவாகும் என்று துவைக்கிற துணியிடம் விளக்கிச் சொன்னாள். எல்லாம் ஜெபகனிக்குக் கேட்கிற மாதிரி. யேசுரத்தினமும் ஒருநாள் வந்து சுவரைப் பார்த்துக் கத்தினார். கிறிஸ்துமசுக்குள் இடிக்க வேண்டும் என்றார். எந்தக் கிறிஸ்துமஸ் என்று அவர் சொல்லாததால் ரசலையன் இடிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. எபிசனும் ஓமனாவின் மகள் இந்துஜாவும் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் முற்றத்திலேயே வளர்ந்தார்கள். எந்த அடுக்களையில் மீன் பொரிக்கிற வாசனை வருகிறதோ அங்கே சாப்பிட்டார்கள். தூக்கம் வந்த இடத்தில் படுத்தார்கள். மழை நாளில் மச்சு ஒழுகினால் அவர்களுக்குத் திருவிழா.

எபிசன் படித்து முடித்து தோகாவுக்கு வேலைக்குப் போன பிறகு யேசுரத்தினம் இறந்தார். பெங்களூரில் கட்டட வடிவமைப்பு படித்த அவருடைய பேரன் பெனிஷ் வந்து, வீட்டைப் புதுப்பிக்கப் போவதாகவும் எல்லோரும் காலி செய்து தர வேண்டும் என்றும் மிகவும் மரியாதையாகக் கேட்டான். தகராறு வரும் என்று பயந்து கூடவே ஒரு வக்கீலையும் அழைத்து வந்திருந்தான். வக்கீலுக்கு வேலையே வரவில்லை. எப்போது போகலாம் என்றுதான் ஆறு குடும்பமும் கேட்டன. ஓமனா போகும்போது வாசலில் ஒரு தேங்காய் உடைத்தாள். அதை நன்றி என்று எடுத்துக்கொண்ட பெனிஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெபகனியும் ரசலையனும் பார்வதிபுரத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். கீழே வீட்டுக்காரர் குடும்பம். மேலே ஸ்டூல் நகர்ந்தால்கூடக் கீழேயிருந்து என்ன விழுந்தது என்று கேட்பார்கள். கொஞ்ச காலம்தான் என்று ஜெபகனி பல்லைக் கடித்துக்கொண்டாள். எபிசன் சொந்த வீடு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அவன் கேட்டபோது தனி வீடு, சுற்றுச் சுவர், கேட் என்று அவள் தெளிவாகச் சொல்லியும் இருந்தாள். வீடு பார்த்தாகிவிட்டது, எது என்று இப்போது சொல்ல மாட்டேன் என்று ஒருநாள் அவன் போனில் சிரித்தான்.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. மச்சு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ஒருத்தன் துபாயில், ஒருத்தி சென்னையில், ஒருத்தன் மும்பையில். குழுவுக்குப் பெயர் 'நம்ம முற்றம்'. பழைய போட்டோக்கள், கிணற்றில் விழுந்த பந்தின் கதை, யார் வீட்டு மீன்குழம்பு ருசி என்ற சண்டை. பெனிஷ் வீட்டைப் புதுப்பித்து நான்கு ஃபிளாட்டுகளாக விற்கப்போகிறான் என்ற செய்தி அங்கேதான் வந்தது. தரைத்தளத்தில் ஒன்றை எபிசன் வாங்கினான்.

அவன் விடுமுறையில் வந்து அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போன அன்று ஜெபகனி சந்தன நிறப் பட்டு உடுத்தியிருந்தாள். மருமகள் பிரீனா பிள்ளைகளோடு பின்சீட்டில். செட்டிகுளம் தாண்டியதும் கார், தனி வீடுகள் எழும்புகிற சுசீந்திரம் ரோட்டுக்குத் திரும்பும் என்று ஜெபகனி எதிர்பார்த்தாள். கோட்டாற்றுக்குத் திரும்பியது. போதகரை ஏற்றப் போகிறான் போல என்று நினைத்தாள். தெருவுக்குள் நுழையும்போது கண்ணை மூடச் சொன்னான். மூடினாள். மூடியிருந்தும், பள்ளம் எங்கே வரும், கார் எங்கே குலுங்கும் என்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

சுண்ணாம்பு பூசி, தங்க நிறத்தில் விளக்குப் போட்டு, வீடு பத்திரிகைப் படம் மாதிரி நின்றது. தேக்குக் கதவு இல்லை. அந்த இடத்தில் ஆள் உயரக் கண்ணாடி. கதவை முற்றத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, கால் வைத்து, நீளமான சாப்பாட்டு மேசையாக்கியிருந்தார்கள். நான்கு வீட்டுக்கும் முற்றத்தைப் பார்த்துக் கண்ணாடிக் கதவுகள். எபிசன் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனது அதே முன்கூடத்துக்கு, சரியாக அதே பாதிக்கு.

போதகர், அலைந்து திரிந்த பிள்ளைகளை அவர்கள் சொந்தக் கூட்டுக்கே திரும்பக் கொண்டுவந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி நீளமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

"எப்பிடிம்மா இருக்கு?" என்று எபிசன் கேட்டான்.

"கொள்ளாம் மக்கா, நல்லாருக்கு" என்றாள் ஜெபகனி. கண்ணில் நீர் வழிந்தது. யாரோ போனில் எடுத்த அந்தப் படம் 'நம்ம முற்றம்' குழுவில் போடப்பட்டு, உலகத்தின் பல ஊர்களிலிருந்து இதயங்கள் வந்தன.

கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பூசாத செங்கல் சுவர். மேலே வரிசையாகக் குட்டி விளக்குகள் வைத்து வெளிச்சத்தை அதன்மேல் விழ விட்டிருந்தார்கள். நடுவில் லேசான தொந்தி. ரசலையன் அதன் அருகே போய்த் தடவிப் பார்த்தார். பெனிஷ் வந்தான்.

"மத்த தடுப்பெல்லாம் எடுத்துட்டேன் அங்கிள். இத மட்டும் தொட முடியல்ல" என்றான். "மேல உத்திரம் முழுக்க உளுத்துப் போச்சு. மச்சு இவ்வளவு வருஷமா இந்தச் சுவர்மேலதான் உக்காந்திருக்கு. யாரு கட்டினாங்களோ தெரியல்ல, புண்ணியவான்."

ரசலையன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். ஆனாலும் அவர் சொன்னார், "நாந்தான்."

பெனிஷ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அதிலிருந்து ரசலையன் வேறு ஆளாகிவிட்டார். பணி ஓய்வு விழாவில் போட்ட மாலைகூட அவரை அந்த அளவுக்கு அசைக்கவில்லை. அன்று சாயங்காலமே விளக்குப் போட்டதும் நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை எபிசன் குடும்பத்தோடு தோகாவுக்குக் கிளம்பிப் போனான். வீடு அடங்கியது. ஜெபகனி தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல் மிக்சியிடம், சாக வேண்டிய வயதில் இந்தச் சுவரையே மறுபடியும் பார்க்க வைத்துவிட்டானே பகவான் என்று முறையிட்டுக்கொண்டிருந்தது. சென்னையில் வங்கியில் வேலை பார்க்கும் இந்துஜாவும் மறு பாதியை வாங்கி, அம்மா ஓமனாவுக்கு ஆச்சரியப் பரிசு கொடுத்திருந்தாள்.

மேலே மச்சில் இரண்டு வீடு. ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த அஸ்வதி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். நல்ல பெண், அன்பான பெண். அதுதான் தொல்லை. ஃபிளாட் வாழ்க்கையில் மனிதர்கள் தனித்தனித் தீவாகிவிட்டார்கள், அதை உடைக்கத்தான் இங்கே வந்தேன் என்று அவள் ஜெபகனியிடம் சொன்னாள். சொன்னதைச் செய்தாள். தட்டாமல் உள்ளே வந்தாள். பின்னால் வந்து ஆன்ட்டி என்று கட்டிக்கொண்டாள். சனிக்கிழமை இரவு எல்லோரும் சேர்ந்து முற்றத்து மேசையில் சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். ஜெபகனி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். இரண்டே நாளில் பெனிஷ் வந்து, வீட்டின் அழகே ஒளிவுமறைவில்லாத தன்மைதான் ஆன்ட்டி என்று பணிவாகச் சொல்லி, விரிப்பை மடித்து அவள் கையிலேயே கொடுத்தான்.

குளிப்பறை ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக இருந்தது. ஜெபகனி முதலில் அதைத்தான் பார்த்தாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாளும் இருந்தது. ஆனால் இயற்கையோடு சேர்ந்து குளிப்பதற்காகக் கூரையில் ஒரு பாதியைத் திறந்து விட்டிருந்தான் பெனிஷ். மேலே அஸ்வதியின் பால்கனி. அவள் எட்டிப் பார்க்கிறவள் இல்லைதான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள்.

ரசலையனிடம் இதையெல்லாம் சொன்னால், அந்தப் பெண் சுவரைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறாள், எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா என்பார். மகனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பாலைவனத்து வெயிலில் நின்று வாங்கியது.

ஒரு சனிக்கிழமை பெனிஷ் சில விருந்தாளிகளைக் கூட்டி வந்தான். பழைய தெருக்களை நடந்து பார்க்கிற குழுவாம். எல்லோரும் பெரிய ஊர்க்காரர்கள். சாப்பாடு முடிந்ததும், ஒரே கூரைக்கு அடியில் ஆறு குடும்பம் ஒரு குடும்பமாக வாழ்ந்த காலத்தைப் பற்றி ஜெபகனி ஆன்ட்டி பேசுவார்கள் என்று அறிவித்துவிட்டான்.

ஜெபகனி எழுந்தாள். வகுப்பில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, நடந்ததை அப்படியே சொன்னாள். கக்கூசுக்கு வாளியோடு நின்ற வரிசையைச் சொன்னாள். மச்சிலிருந்து அழுக்குத் தண்ணீர் கஞ்சியில் விழுந்ததைச் சொன்னாள். பிரசவ வலி எடுத்தபோது ஆறு வீட்டு ஆண்களும் முற்றத்தில் நின்று நேரம் குறித்ததைச் சொன்னாள். ஒரு சீலையை நகர்த்துவதற்காக இரண்டு பெண்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டதையும் விடவில்லை. ஒருநாளும், ஒரு பொழுதும், இந்த வீட்டில் தான் நிம்மதியாக இருந்ததில்லை என்று முடித்தாள்.

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்திருக்கிறீர்கள், எங்களுக்கெல்லாம் இது கிடைக்கவில்லையே என்று ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேசையின் மறு கோடியில் ஓமனா தலையைக் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கை கழுவும் இடத்தில் ஜெபகனி நின்றபோது பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தாள். பாதியில் முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, நீங்க சொன்னது ஒண்ணும் அவியளுக்கு மண்டையில ஏறல்ல."

சுவர் எழுந்த பிறகு அத்தனை வருஷத்தில் ஓமனா அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஏறல்ல ஓமனா" என்றாள் ஜெபகனி.

"நானும் பிள்ளகிட்ட சொல்லிப் பாத்தேன். அம்மா தமாசு பண்ணுதியன்னு சிரிக்கா. அவளுக்கு அந்த முற்றம்தான் சொர்க்கம்."

"எனக்க பயலும் அப்பிடித்தான்."

ஓமனா கையைத் துடைத்துக்கொண்டாள். "இருந்தாலும் அக்கா, அந்த முக்கால் அடி..."

"அரை அடிதான் ஓமனா."

"முக்கால்."

"சரி. முக்காலுன்னே வச்சுக்க" என்றாள் ஜெபகனி.

அன்று இரண்டு பேரும் முற்றத்தைவிட்டு வெளியே வந்து, தெருவில் பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுக்குள் அஸ்வதி வந்து சேர்ந்துகொள்வாள் என்று இருவருக்குமே பயம்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஜெபகனி மகனை வீடியோவில் அழைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேரடியாக, இந்த வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்றாள். எபிசன் அதிர்ந்துபோனான். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.

"பின்ன என்னம்மா? நாம அங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்."

"நீ சந்தோஷமா இருந்த மக்கா. நீ முற்றத்துல கெடந்து விளையாடின. நான் தண்ணி கோரினேன்."

திரையில் அவன் முகம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் போய்விட்டது என்று அவள் போனை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள். நெட்வொர்க் இருந்தது. பின்னாலிருந்து பிரீனாவின் குரல் மட்டும் கேட்டது: "நான் அப்பவே சொன்னேன், மாமிக்கிட்ட ஒரு வார்த்த கேளுங்கன்னு."

"அண்ணைக்கே ஏம்மா சொல்லல்ல?" என்று எபிசன் கடைசியில் கேட்டான்.

"போதகர் ஜெபம் பண்ணிட்டாருல்லா மக்கா. ஆமென் சொன்ன பெறகு எப்பிடிச் சொல்ல?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஜெபகனி வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

விற்கலாம் என்றால் அவனுக்கு மனமில்லை. வழி சொன்னது ஓமனாதான். சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம், இரண்டு வீட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கம்போளத்தில் வாழைக்குலைக்கு விலை பேசிய குடும்பம். ஒரு மாதத்தில் அவள் கொடி பறந்தது. காலையில் புட்டும் கடலையும் மட்டிப்பழமும் கொடுத்தாள். தன் பாதியைப் பகலில் விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டினாள். சனிக்கிழமைச் சாப்பாட்டை அஸ்வதியிடமிருந்து தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். சத்தமாகப் பேசுவதும், தட்டாமல் உள்ளே போவதும், கேட்காமல் யோசனை சொல்வதும் விருந்தாளிகளுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள், இப்படி ஒரு பாசம் எங்கேயும் பார்த்ததில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். பகவதியப்பன் அதையெல்லாம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, எழுதியவர்கள் எத்தனை நாள் தங்கினார்கள் என்று மட்டும் விசாரிப்பார்.

ரசலையனைக் கிளப்புவதுதான் பாடாக இருந்தது. சுவரை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார்.

"அது மச்சைத் தாங்குது. உங்களையும் தாங்கணுமா?" என்று கேட்டாள் ஜெபகனி.

தினமும் காலையில் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்ற உடன்படிக்கையோடு அவர் இறங்கி வந்தார். அதன்படியே செய்கிறார். சுவரின் வரலாற்றை விருந்தாளிகளுக்குச் சொல்வது இப்போது அவர் பொறுப்பு. சொல்லச் சொல்ல அந்தச் சுவர் கட்டிய நாள் நீண்டுகொண்டே போகிறது என்று ஓமனா போனில் புகார் சொல்கிறாள்.

சுசீந்திரத்துக்கு இந்தப் பக்கம், வயலை மண் போட்டு நிரத்திப் பிரித்த மனைகளில் ஒன்றில், ஜெபகனி ஒரு வாடகை வீடு பிடித்தாள். பச்சைப் பெயிண்ட், கம்பி போட்ட ஜன்னல், தகரக் கேட். பார்க்க அழகு என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் பெங்களூரில். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் இன்னும் நிரத்தாத வயல். காலையில் ரசலையன் பஸ் ஏறியதும் கேட்டைப் பூட்டுவாள், முன்வாசலைப் பூட்டுவாள், உள்ளறைக்குள் போய் அதையும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நாளில் அலுத்துவிடும், ஆள் சத்தத்துக்கு ஏங்குவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அக்காமார் போன் செய்து கேட்டார்கள். சபையில் கேட்டார்கள். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. அவளுக்கு அலுக்கவில்லை.

எபிசன் விடுமுறைக்கு வந்தபோது, கோட்டாற்று வீட்டில் நாலு நாள் குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஓமனாவை அழைத்தான். புனேக்காரர்கள் இருக்கிறார்கள், காலியில்லை, அடுத்த வாரம் வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல ஆன்லைனில் பதிந்துவிடு என்றாள். பதிந்தான். பிரீனா வர மறுத்துவிட்டாள். பிள்ளைகளோடு மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டாள். இங்கே குளிப்பறைக்குக் கூரை முழுசாக இருந்தது.

அவன் தனியாகப் போய்த் தங்கினான். முதல் நாள் முற்றத்தின் படங்களைக் குழுவில் போட்டான். இரண்டாம் நாள் ஒன்றும் போடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெட்டியோடு பச்சை வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினான். பிள்ளைகளை மனசு தேடிவிட்டது என்றான். பிரீனா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

தேநீர் குடித்துக்கொண்டே முன்னறையைச் சுற்றிப் பார்த்தான். எழுந்து போய் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தான். இதை எடுத்துவிட்டால் அடுக்களையும் முன்னறையும் ஒன்றாகிவிடும், மேலே கொஞ்சம் கண்ணாடி போட்டால் நல்ல வெளிச்சம் வரும், பெனிஷிடம் வேண்டுமானால் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன் என்றான்.

ஜெபகனி அவன் கையிலிருந்த காலித் தம்ளரை வாங்கினாள்.

"வாடகை வீடு மக்கா. ஒண்ணையும் தொடண்டாம்" என்று சொல்லிவிட்டு, மீன் கழுவப் போனாள்.